பெயர் சொல்லி இறக்கியவர்

அண்ணன் இறந்துவிட்டார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சிங்கப்பூர்த் தேக்காவில் என் பூசைச் சாமான் கடையில் கற்பூரப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அண்ணி போன் செய்தார். "மீனா, போறப்ப பேரச் சொல்லிட்டாங்க" என்றார். அழவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. ஊதுபத்தி கேட்டு நின்றவரிடம் "கடை மூடியாச்சு" என்று பட்டப்பகலில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

லாரிக்கார அண்ணன் என்றால் சிராங்கூன் சாலையில் பாதிப் பேருக்குத் தெரியும். பொங்கலுக்கு நம் பக்கம் மாடுகளைக் கொண்டுவந்து கட்டுகிறோமே, அவற்றை லிம் சூ காங் பண்ணையிலிருந்து வருடா வருடம் ஏற்றிவந்து, விழா முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விட்டவர் அவர்தான். உங்களில் பலர் அவரோடு தேத்தண்ணி குடித்திருப்பீர்கள். அவர் பெயரை நான் இப்போது எழுதப் போவதில்லை. கடைசியில் எழுதுகிறேன், காரணத்தோடு.

பொங்கல் ஏற்பாட்டுக் குழுவில் என்னைச் சேர்த்த முதல் வருடம், பண்ணைக்கு அவரோடு லாரியில் போனேன். ஒரு மாடு ஏற மறுத்து நின்றது. நான் பெரிய கெட்டிக்காரி மாதிரி, எந்த மாட்டுக்கும் பொருந்தும் பெயர்தானே என்று, "வாம்மா லட்சுமி" என்று ஆரம்பித்தேன். அண்ணன் சட்டென்று கையைத் தூக்கினார். முகமே மாறிவிட்டது. "போறப்ப பேரு வேணாம் தங்கச்சி. மெதுவா ஏறட்டும். வர்றப்ப சொல்லிக்கலாம்" என்றார். அதன் பிறகு வானொலியையும் அணைத்துவிட்டார். விரைவுச்சாலை முழுக்க, எங்கள் முதுகுக்குப் பின்னால் மாடுகள் மூச்சுவிடுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

மாடுகளைத் திரும்பக் கொண்டுபோன நாளில் அவர் வேறு ஆளாக இருந்தார். பண்ணையில் பின்கதவைத் திறந்து சாய்பலகையைப் போட்டுவிட்டு, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைத்தார். பெயர்களும் அவர் வைத்தவைதான். பழுப்பு மாடு கோப்பி. கறுப்பு மாடு கோப்பி ஓ, பால் ஊற்றாத கடுங்காப்பி. வெள்ளை மாடு மல்லி. எதையும் முகர்ந்து பார்க்காமல் விடாத கன்றுக்குட்டி ஆபிசர். "கோப்பி, வந்தாச்சு, எறங்கு" என்றால் கோப்பி மட்டும் இறங்கும், மற்றவை நிற்கும். ஒவ்வொன்று இறங்கும்போதும் லாரியின் பின்புறம் முனகிக்கொண்டு கொஞ்சம் மேலே எழும். கடைசியில் ஆபிசரும் குதித்து ஓடியது.

அண்ணன் கதவைச் சாத்தவில்லை. உள்ளே பார்த்து, அதே குரலில் இன்னொரு பெயரைச் சொன்னார். "முத்து, வந்தாச்சு. எறங்கு."

உள்ளே வைக்கோலைத் தவிர ஒன்றும் இல்லை. அவர் காத்திருந்தார். ஏதாவது இறங்கி வரும் என்பதுபோல நானும் சாய்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "இன்னும் கோவம் போவல" என்று சொல்லிவிட்டு மெல்லக் கதவைச் சாத்தினார். நான் சாம்பிராணி விற்கிறவள். பேய் பிசாசு நம்புகிறவள் இல்லை. ஆனால் தேக்கா திரும்பும் வரை நான் பின்பக்கக் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.

முத்து யார் என்று பிறகு ஒருநாள் தேக்கா மார்க்கெட்டில் தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னார். வாலிப வயதில் அவர் கறிக்குப் போகிற ஆடுகளை ஏற்றுகிற லாரி ஓட்டியிருக்கிறார். "ஒன்னு மட்டும் என் பின்னாடியே சுத்தும். முத்துன்னு பேரு வச்சேன். அன்னைக்கு வண்டியில ஏற மாட்டேன்னு நின்னுச்சு. முத்துன்னு கூப்பிட்டேன், ஓடி வந்து ஏறிக்கிச்சு. நம்பித்தானே வந்துச்சு?" கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "பேரச் சொல்லி ஏத்துனவன் பேரச் சொல்லி எறக்கணும் தங்கச்சி. நான் வெறும் வண்டியோட திரும்புனேன் லா." அத்தோடு அந்த வேலையை விட்டுவிட்டு ஜாலான் புசாரில் ஒரு சீனத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், லாரி ஓட்டச் சேர்ந்தார். கடைசிவரை அங்கேதான் ஓட்டினார்.

அந்தத் தவுக்கே பாவம். ஒரு தடவை லாரியின் தார்ப்பாய்ச் சுருளுக்குள் மைனா கூடு கட்டிவிட்டது. குஞ்சுகள் பறக்கும்வரை வண்டியை எடுக்க மாட்டேன் என்று அண்ணன் ஒரே பிடியாக நின்றார். தவுக்கே தெருவே கேட்கக் கத்தினார். "குடித்தனம் இருக்கு தவுக்கே, எப்படிக் காலி பண்ணச் சொல்றது?" என்று அண்ணன் மலாய் மொழியில் கேட்டதும் கத்தியவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆணிக்கடை வாசல்களில் படுத்திருக்கும் பூனைகளெல்லாம் அவர் வண்டிச் சத்தத்தை அறியும். எழுந்து வந்து வரிசையாக உட்காரும்.

ஆனால் அவரோடு காலி லாரியில் போவது எனக்குப் பிடிக்காது. வளைவுகளில் வண்டியை நடக்கவிடுவது போல ஓட்டுவார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் தீர்ப்பார்கள். "காலி வண்டிதானே அண்ணே, கொஞ்சம் மிதிங்களேன்" என்று ஒருமுறை பொறுமை இழந்து கேட்டேன். கண்ணாடியைப் பார்த்தபடியே, "நிக்கிறது விழுந்துரும்" என்றார். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

போன வருடக் கடைசியில் அவருக்கு இருதய அறுவைச் சிகிச்சை. உள்ளே கொண்டுபோகும் முன் தாதி பெயர் கேட்டாராம். ஆளை மாற்றிவிடக் கூடாதே, எல்லா மருத்துவமனையிலும் கேட்பார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டே, "வந்து சொல்றேன்மா" என்றிருக்கிறார். "அங்கிள், கண்டிப்பா கேக்கணும் அங்கிள். சொல்லுங்களேன்" என்று அந்தப் பெண் கெஞ்சியிருக்கிறது. அவர் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அது அவர் கைப்பட்டையைப் பார்த்து, அப்பா பெயரோடு சேர்த்து முழுப்பெயரையும் சத்தமாகப் படித்துவிட்டது. அந்தப் பெண் மேல் ஒரு தவறும் இல்லை, அதன் வேலையை ஒழுங்காகச் செய்தது. அண்ணன் மட்டும் அண்ணியைத் திரும்பிப் பார்த்து, "சரி, சொல்லிட்டாங்க" என்றாராம். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது.

இழவு வீட்டில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டார். "போறப்ப யாரோ சொல்லிட்டாங்க. எறக்குறப்ப நான்தானே கூப்பிட்டிருக்கணும்? வீட்டு வாசல்ல அவரக் கொண்டாந்த வண்டி வந்து நின்னப்ப எனக்கு வாய் வரல மீனா. அவரு இன்னும் எறங்கல. எங்க போய் நான் கூப்பிடுறது?" அண்ணி புருஷன் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அது சாமி பெயரும்கூட என்பதால், கோயிலில் அந்தச் சாமிக்கு அர்ச்சனை கொடுக்கும்போதுகூட என் விலாவில் இடிப்பார். நான்தான் ஐயரிடம் பெயர் சொல்வேன்.

துக்க வீடு என்பதால் இந்தப் பொங்கலுக்கு அண்ணி தேக்காப் பக்கமே வரவில்லை. மாடுகளைத் திரும்பக் கொண்டுபோகிற அன்று காலை மட்டும் லாரி அருகே வந்து நின்றார். "நானும் வர்றேன்" என்றார். அதே லாரிதான். ஓட்டியவர் கார்த்தி, திருவாரூர்ப் பையன், தவுக்கேயிடம் புதிதாகச் சேர்ந்தவர். பாதி வழியில் அவர், "அக்கா, மாட்டையெல்லாம் இறுக்கித்தான் கட்டியிருக்கேன். ஆனா ஒவ்வொரு வளைவுலயும் பின்னாடி என்னமோ காலு ஊனித் தடுமாறுற மாதிரி இருக்கு" என்றார். அண்ணி, "மெதுவாப் போப்பா" என்று மட்டும் சொன்னார்.

பண்ணையில் சாய்பலகையைப் போட்டாயிற்று, கயிறுகளையும் அவிழ்த்தாயிற்று. ஒரு மாடும் இறங்கவில்லை. எல்லாம் ஓட்டுநர் இருக்கைப் பக்கமே தலையைத் திருப்பிக்கொண்டு நின்றன. மல்லி வேறு நிறைசினை. பண்ணையாள் கம்பை எடுத்தார். பலகையில் கால் வழுக்கினால் தாயும் போகும் கன்றும் போகும் என்று நான் பதறிக் குறுக்கே நின்றேன். அப்போது அண்ணி முன்னால் வந்தார். "கோப்பி, வந்தாச்சு. எறங்கு." கோப்பி இறங்கியது. பிறகு கோப்பி ஓ. பிறகு மல்லி, ஒவ்வொரு காலாக வைத்து. கடைசியில் ஆபிசர். இப்போது அது பெரிய மாடு.

லாரி காலியாகிவிட்டது. கார்த்தி கதவைச் சாத்தப் போனார். அண்ணி அவர் கையைத் தடுத்தார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, உள்ளே பார்த்தபடி நின்றார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுபடியும் முயன்றார். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "வந்தாச்சுங்க. எறங்குங்க."

காற்று இல்லை. யாரும் வண்டியைத் தொட்டுக்கொண்டிருக்கவில்லை. லாரியின் பின்புறம் முனகியது. ஓர் ஆள் இறங்கினால் எழும் அளவுக்கு எழுந்தது. நின்றது. அப்புறம் இன்னும் ஒரு துளி எழுந்தது, ஓர் ஆட்டின் எடை அளவுக்கு. மாடுகள் எல்லாம் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தன. கார்த்தி "ஹேண்ட்பிரேக் போட்டுத்தான்க்கா இருக்கு" என்று முணுமுணுத்தார். அண்ணி அழுதார், அன்றுதான் அழுதார். "முத்துவும் வந்துருச்சு" என்றார்.

இறங்கியவரை மறுபடி ஏற்ற வேண்டாம் என்று நாங்கள் லாரியில் ஏறவில்லை. பஸ் நிறுத்தம் வரை அண்ணி தன் பக்கத்தில் இடம் விட்டே சாலையோரம் நடந்தார். நான் அந்த இடத்தில் நடக்கவில்லை, பின்னாலேயே போனேன்.

அண்ணனின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. ஒரு பழக்கம் மட்டும் இருக்கிறது. வெளியூரில் வேலை பார்க்கும் என் மகளைச் சாங்கி விமான நிலையத்தில் வழியனுப்பும்போது நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, வாய்வரை வந்தாலும் விழுங்கிவிடுவேன். அவள் திரும்பி வருகிற அன்று கூட்டம் திரும்பிப் பார்க்கக் கத்துவேன். அவளுக்கு வெட்கமாக இருக்கிறதாம், இருக்கட்டும். அண்ணன் பெயரையும் இத்தனை நேரம் அதற்காகத்தான் எழுதாமல் இருந்தேன். இப்போது அவர் இறங்கிவிட்டார், எழுதலாம்.

ஆறுமுகம்.