ஜன்னலோரம் நின்ற டிராயிங் மாஸ்டர்

தொடக்கப்பள்ளியில் டிராயிங் மாஸ்டர் என்றால், எந்த டீச்சர் லீவு போட்டாலும் அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்கிறவர் என்று பொருள். எங்கெங்கோ சாக்பீஸ் தூளோடு நிற்கும் என் டிராயிங், பி.டி., கைத்தொழில் மாஸ்டர்களே, இது உங்களுக்குத் தெரியாததல்ல. வரிச்சிக்குடியிலிருந்து மொபெட்டில் நான் போய் வந்த கடலோரப் பள்ளியில் எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. மூன்றாம் வகுப்புக் கலா மிஸ்ஸைப் பார்த்து வயிறெரிவது. இரண்டாயிரத்து ஏழில் அதுவே முழுநேர வேலையாகிவிட்டது.

மாம்பழமும் சூரியகாந்தியும்

என் முறை எளிமையானது. போர்டில் ஒரு மாம்பழம் போடுவேன், காம்பில் இரண்டு இலை. பிள்ளைகள் பார்த்து வரைவார்கள். கோடு தாண்டாமல் மஞ்சள் அடித்தால் ஒரு 'குட்'. பதினோரு வருடம் நிம்மதியாக ஓடியது. கலா மிஸ் டிராயிங் டீச்சர்கூட இல்லை. புதுச்சேரியில் நாலு நாள் பயிற்சிக்குப் போனவர், உலக ஓவியங்கள் அச்சிட்ட வழவழப்பான ஒரு பெரிய புத்தகத்தோடு திரும்பினார். வாரத்துக்கு ஒரு ஓவியர், இல்லாவிட்டால் ஒரு நாடு என்று ஆரம்பித்தார். முதல் வாரம் ஒரு வெளிநாட்டு ஓவியரின் சூரியகாந்தி. பெயிண்டில் பசையைக் குழைத்து விரலால் அப்பச் சொன்னார். வராந்தா ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் பீரியடில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "தண்ணி குடிக்கணும் சார்" என்று கிளம்பும் தமிழரசி, அங்கே மணி அடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

நேராக ஹெட்மாஸ்டரிடம் போனேன். பெயிண்ட் வீணாகிறது, பிள்ளைகளுக்கு ஒழுங்காகக் கோடு போட வராமல் போய்விடும் என்றேன். அவர் ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "மாஸ்டர், ஒங்க மாம்பழத்த நானும் வந்த நாள்லேர்ந்து பாக்குறேன். இன்னும் பழுக்கலயே."

புள்ளி

அடுத்து ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் புள்ளி ஓவியம். புள்ளி வைப்பதற்கெல்லாம் ஒரு பாடமா? தமிழரசியைக் கூட்டிப்போக வந்த அவள் அம்மா செல்வியை கேட்டிலேயே மடக்கினேன். மீன் விற்றுவிட்டு நேராக வந்தவர், கூடை இடுப்பிலேயே இருந்தது. "ஒங்க பொண்ணு படிக்கிற லட்சணத்த உள்ள போயி நீங்களே பாருங்கம்மா, உக்காந்து புள்ளி வச்சிக்கிட்டு இருக்கா" என்று ஏற்றிவிட்டு, சண்டையை வேடிக்கை பார்க்க ஜன்னலோரம் போய் நின்றேன்.

சண்டை வரவில்லை. செல்வி கூடையை வாசலில் வைத்தார், கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார், பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து தீக்குச்சி முனையைப் பெயிண்டில் தொட்டு ஓர் ஆமையைப் புள்ளியாலேயே நிரப்பினார். மார்கழி முழுக்கக் கோலம் போட்ட கை, ஒரு புள்ளி பிசகவில்லை. போகும்போது என்னைப் பார்த்து மனதாரச் சொன்னார்: "நீங்க சொன்னதாலதான் சார் உள்ள போனேன். இனிமே வாராவாரம் வரேன்னு மிஸ்கிட்ட சொல்லிட்டேன்."

கிளிப் போட்ட பக்கம்

ஒரு மதியம் கலா மிஸ் வகுப்பில் இல்லாத நேரமாகப் பார்த்து அந்தப் புத்தகத்தைப் புரட்டினேன். குறை கண்டுபிடிக்கத்தான். நடுவில் இரண்டு பக்கங்களைச் சேர்த்து கிளிப் போட்டிருந்தது. கழற்றினேன். ஜப்பான்காரர் ஒருவர் வரைந்த பேரலை, அதனடியில் சின்னச் சின்னப் படகுகள். எங்கள் ஊருக்குள் கடல் வந்து போய் மூன்று வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

மிஸ் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. "இவ்ளோ நல்ல படத்த ஏன் மூடி வச்சிருக்கீங்க?" என்று சமாளித்தேன். அவர் புத்தகத்தை வாங்கி மறுபடி கிளிப்பை மாட்டினார். பூவுக்கும் புள்ளிக்கும் பட்ட பொறாமையெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அன்றைக்குத்தான் எனக்கு உண்மையாகவே வயிறெரிந்தது, ஏனென்றால் அந்தக் கிளிப்பைப் போட எனக்குத் தோன்றியிருக்காது. மிஸ் சொன்னது இவ்வளவுதான்: "இது எப்புடி இருக்கும்னு இந்தப் புள்ளைங்களுக்கு நாம காட்டணுமா சார்?"

முகமூடி

வருடக் கடைசியில் பள்ளிக் கண்காட்சி. காரைக்காலிலிருந்து கல்வி அதிகாரி வந்து பார்த்து, பிடித்த படங்களோடு ஓர் ஆசிரியரையும் புதுச்சேரிக் கண்காட்சிக்கு அனுப்புவார். அந்தப் பயணம் எனக்கு வேண்டும். பதினோரு வருடத்தில் என்னை யாரும் எங்கேயும் அனுப்பியதில்லை. என் சுவரில் நாற்பது மாம்பழம் ஒட்டினேன். எதிர்ச்சுவர் கலா மிஸ்ஸின் ஆப்பிரிக்க முகமூடிகளுக்கு. பேப்பர் கூழில் முகம், தேங்காய் நாரில் முடி, அறுந்த வலையில் தாடி. வீட்டில் காயவைத்து எடுத்து வரச் சொல்லி அனுப்பியிருந்தார். அதிகாரி வரும் காலையில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. காலிச்சுவரைப் பார்க்க எனக்கு அத்தனை சந்தோஷம்.

வாங்கி வர ஹெட்மாஸ்டர் என்னையே அனுப்பினார். புதிதாகக் கட்டிக் கொடுத்திருந்த காலனிக்குள் நுழைந்தால், வரிசையாக எல்லா வீட்டு நிலைக்கு மேலேயும் முகமூடி. புது வீட்டில் யார் கண்ணும் படக்கூடாது என்று திருஷ்டி பொம்மையாக மாட்டிவிட்டார்கள். மாட்டியதை இறக்கக் கூடாதாம், ஒரு வீட்டிலும் தரவில்லை. வெறுங்கையோடு திரும்பி, வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அதிகாரியோ "அட, அப்ப அங்கயே போயி பாப்போம்" என்று எழுந்துவிட்டார். மாம்பழம் பக்கம் திரும்பவேயில்லை.

செல்வி வீட்டு முன்னால் அவர் கால் நின்றது. அந்த முகமூடிக்கு மூக்குக்கண்ணாடி இருந்தது. முறுக்கிய மீசை இருந்தது. வழுக்கையை மறைத்துக் குறுக்கே இழுத்துச் சீவிய நாலு நார் இருந்தது. அதிகாரி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார். "இது எந்த நாட்டு மொகம்மா?" என்றார். செல்வி தயங்கவேயில்லை: "திருஷ்டிக்கு நல்லா மொறைக்கிற மூஞ்சியா வேணும்னு கேட்டேன் சார். 'எங்க மிஸ்ஸ டிராயிங் சாரு தெனமும் ஜன்னல் வழியா பாப்பாரும்மா, அந்த மூஞ்சிய செஞ்சித் தரேன்'னு புள்ள செஞ்சிக் குடுத்துச்சு."

புதுச்சேரிக்குக் கலா மிஸ்தான் போய் வந்தார், அடுத்த மழையில் மற்ற முகமூடிகளெல்லாம் கரைந்தும் போயின, ஆனால் அந்த ஒரு வீட்டு வாசலில் மட்டும் எந்தப் பொறாமைக்காரன் கண்ணும் அண்டாமல் ரொம்ப நாள் காவல் நின்றது என் மூஞ்சிதான்.