நீச்சல் குளத்துக்கு எத்தனை சொட்டு ஆசிட்?

போன வாரம் எங்கள் குடியிருப்பின் நீச்சல் குளத்தை மண் போட்டு மூடப் பார்த்தார்கள்.

வானகரத்தில் ஃப்ளாட் வாசம் எனக்கு. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு, தினமும் தண்ணீரில் நடக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். அதனால் அந்தக் குளம் எனக்கு ஆடம்பரம் இல்லை, மருந்து. ஆனால் கொஞ்ச நாளாக யார் இறங்கினாலும் கண் எரிச்சல். பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டே கரையேறினார்கள்.

'பேசாமல் மூடி கார் பார்க்கிங் ஆக்கிவிடலாம்' என்று அசோசியேஷன் தலைவர் சுந்தரேசன் ஞாயிற்றுக்கிழமைக்கு மீட்டிங் வைத்துவிட்டார். அவருக்குக் கார் இரண்டு... இடம் ஒன்று. வேறு எப்படிப் பேசுவார்?

கண் எரிச்சலுக்குக் காரணம் சின்னதுதான். தண்ணீரின் பிஹெச் — அமிலமா காரமா என்று காட்டும் எண் — ஏழரையை ஒட்டி இருக்க வேண்டும். எங்களுடையது எட்டைத் தாண்டியிருந்தது. ஆசிட் ஊற்றிக் குறைக்கலாம். எவ்வளவு? அங்கேதான் சண்டை.

குளத்தைப் பராமரிக்கும் டில்லி பெரிய கேனோடு வந்தார். "இன்னாத்துக்கு மேடம் கணக்கு? அரை கேன் ஊத்துனா செரியா பூடும்."

மூன்றாவது மாடி ஜெபராஜ் பதறினார். தூத்துக்குடிக்காரர், ஐ.டி. வேலை. "பொறுங்கண்ணே, தோல் உரிஞ்சிரும்!" செல்போனில் என்னவோ பெருக்கினார், வகுத்தார். ஒரு லட்சம் லிட்டர் தண்ணீருக்கு அவருக்கு வந்த விடை... மூன்று ஸ்பூன்!

டில்லி சிரித்துவிட்டார். "காபிக்கு சக்கரையா சார் போடுறோம்?"

இருந்தாலும் ஊற்றினோம். மோட்டாரை ஓடவிட்டு அளந்தால், எண் இம்மியும் அசையவில்லை. ஜெபராஜ் முகம் தொங்கிப்போய்ப் படியேறினார்.

சனிக்கிழமை காலை என் வீட்டு காலிங்பெல். அவர்தான்.

"அக்கா, நான் போட்டது சுத்தத் தண்ணிக்கான கணக்கு. நம்ம போர் தண்ணி கீசர்லயே வெள்ளையாப் படியுதுல்லா? அந்த உப்பு, ஊத்துற ஆசிட்ட எல்லாம் குடிச்சிருது. எவ்ளோ குடிக்கும்னு அந்தத் தண்ணிகிட்டயேதான் கேக்கணும்."

எப்படிக் கேட்பது? குளத்திலிருந்து பத்து லிட்டர் வாளி நிறைய மொண்டோம். டில்லி கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சொட்டாக ஆசிட் விட்டார். நான் குச்சியால் கலக்கினேன். ஜெபராஜ் சோதனைக் குப்பியில் நிறம் பார்த்தார். ஆறாவது சொட்டில் "போதும்!" என்றார்.

குளம் என்பது பத்தாயிரம் வாளி. ஆக, அறுபதாயிரம் சொட்டு. லிட்டராக்கினால், ஏறக்குறைய மூன்று.

டில்லி கேனைத் திரும்பிப் பார்த்தார். "அரை கேன்னா பதினஞ்சு லிட்டருக்கு மேல பூட்டிருக்குமே சார்..." அதன் மூடியை இறுக்கித் திருகினார்.

ஆட்களை இறங்கவிடாமல், மோட்டார் ஓட ஓட, பாதியைச் சிறுகச் சிறுக ஊற்றினோம். மாலையில் அளந்து பார்த்துவிட்டு மீதி. ஞாயிறு காலை எண் ஏழரையில் வந்து நின்றது.

மீட்டிங் தொடங்கும் முன்பே பிள்ளைகள் குதித்துவிட்டார்கள். சுந்தரேசன் குளத்தோரம் குனிந்து ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தார். ஒன்றுகூடச் சிவக்கவில்லை.

"சரி... குளமே இருக்கட்டும்" என்றார், பல் பிடுங்கிக்கொண்டவர் மாதிரி.

இனி எந்தக் காரியத்தையும் முதலில் ஒரு வாளியில் பார்த்துவிட்டுத்தான் இறங்குவது என்று தீர்மானித்திருக்கிறேன்.

கல்யாணத்துக்கு மட்டும்தான் அந்த வசதி இல்லை!