மூன்றாவது வளைவில் இறங்குபவர்

இரண்டாவது வளைவு தாண்டியதும் பாத்திமா குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறார். மொபெட்டின் சத்தம் மாறுகிறது. மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் அது இருமி, முக்கி, இதோ நிற்கப் போகிறது என்னும்போது, ஓட்டுகிற கணவர் லாரன்ஸ் வாய் திறக்கும் முன்பே இவர் பின்னாலிருந்து இறங்கிவிடுகிறார். பாரம் குறைந்த வண்டி சரக்கு மூட்டையோடு மேலே போய்விடுகிறது. இவர் ஒரு கையில் செருப்பைப் பிடித்தபடி, இன்னொரு கையை முழங்காலில் ஊன்றி ஊன்றி நடந்து ஏறுகிறார். செருப்புப் போட்டுக்கொண்டு இந்த ஏற்றத்தில் நடந்தால் வார் பிடுங்கிக்கொள்ளுமாம்.

நான் கல்வராயன் மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். கள்ளக்குறிச்சியிலிருந்து தினமும் பைக்கில் போகிறவன். வாரத்தில் இரண்டு நாளாவது இவர்கள் எனக்கு முன்னால் போவார்கள். முதல் தடவை பார்த்தபோது பரிதாபப்பட்டு, “ஏறுங்கம்மா, மேல விட்டுடறேன்” என்று நிறுத்தினேன். பாத்திமா என் பைக்கை ஒரு முறை பார்த்தார், என் வயிற்றை ஒரு முறை பார்த்தார்.

“வேணாம் சார். அப்பறம் உங்க வண்டியும் நின்னுக்கும். ரெண்டு பேரும் தள்ளிக்கினு போவணும்.”

சுருக்கென்றுதான் இருந்தது. எனக்கு டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. முந்நூறு ரூபாய் கொடுத்து ஒரு ஓட்ஸ் டப்பா வாங்கினேன். இப்போது அதில் வண்டு குடியிருக்கிறது.

பாத்திமா விற்பது நைட்டி, உள்பாவாடை, ரவிக்கைத் துணி, கொஞ்சம் எவர்சில்வர். பெயரைக் கேட்டுவிட்டு யாராவது “பாய் வூட்டம்மாவா நீங்க?” என்றால், சங்கிலியில் தொங்கும் சிலுவையை வெளியே எடுத்துக் காட்டி, “மாதா பேரு” என்பார். அதே மூச்சில், “நைட்டி இன்னா அளவு?” என்றும் கேட்டுவிடுவார். பஸ் எட்டிப் பார்க்காத ஊர்களெல்லாம் அவருடைய வாடிக்கை. அதனால் மொபெட் இல்லாமல் முடியாது.

சென்ற ஆண்டு முழங்கால் வீங்கிவிட்டது. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், பன்னிரண்டு கிலோ குறைய வேண்டும், இல்லையென்றால் மலையை மறந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். “நீ வூட்ல இரு, நான் போய்க்கினு வர்றேன்” என்று லாரன்ஸ் தனியாகக் கிளம்பினார். இரண்டு வாரமும் மூட்டை போனபடியே திரும்பி வந்தது.

“உள்பாவாடை அளவ ஆம்பளகிட்ட எப்படி சார் சொல்லுவாங்க? இவரும் வெக்கப்பட்டுக்கினு வண்டிகிட்டயே நின்னுக்கினு இருந்தாராம்!”

இதைச் சொல்லும்போது பாத்திமாவுக்குச் சிரிப்புத் தாங்காது. ஆனால் அந்த இரண்டு வாரமும் வீட்டில் உட்கார்ந்து அழுததையும் அவரே சொன்னார். மலைதான் பிழைப்பு. தவிர, மேலே பாப்பாத்தி என்று ஒரு வாடிக்கைக்காரி இருக்கிறார். இவரைக் கண்டால் அடுப்பை அணைத்துவிட்டுப் பேச உட்காருபவர். அவர் முகத்தைப் பார்க்காமல் ஒரு வாரத்துக்குமேல் இருக்க முடியாது என்றார்.

ஆஸ்பத்திரியில் என்னென்ன சாப்பிடலாம் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். ஓட்ஸ், பாதாம், ஆலிவ் எண்ணெய். பாத்திமா பெரிய கடைக்குப் போய் ஒவ்வொன்றின் விலையையும் பார்த்தார். “இதெல்லாம் வாங்கினா தன்னால இளைச்சிடுவேன். அப்பறம் வேற ஒண்ணும் வாங்கித் துன்ன காசு இருக்காதே” என்று நர்ஸிடமே போய்ச் சொன்னார். நர்ஸ் சிரித்துவிட்டு, தாளின் கடைசி வரியைக் காட்டினார். அதில் சாமை என்று இருந்தது.

மலையில் கையில் காசில்லாதவர்கள் நைட்டிக்குச் சாமை கொடுப்பார்கள். பத்து வருஷமாக அதைக் கீழே கொண்டுவந்து கடையில் போட்டவர் பாத்திமா. கடைக்காரர் அதைப் பளபளப்பான பாக்கெட்டில் அடைத்து, இளைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு விற்பார். கிடைத்த காசில் இவர் நான்கு போண்டாவும் சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும் சாப்பிட்டுவிட்டு வண்டியேறுவார்.

“ஊரையே இளைக்க வெச்சிட்டு நான் ஊதிக்கினு இருந்தேன் சார்.”

எடை பார்ப்பது சனிக்கிழமைகளில், அவர் தெருமுனையில் உள்ள மக்காச்சோள மண்டியில். மூட்டைகளுக்கு நடுவில் இவரும் தராசில் ஏறி நிற்பார். மண்டியில் எடை போடும் முனியனுக்கு எதையும் மெதுவாகச் சொல்லி வழக்கமில்லை. “எண்பத்தி நாலு! அடுத்த மூட்ட!” என்பார். சாமைக்கு மாறிய முதல் மாதம், “எண்பத்தி அஞ்சு!” என்று கூவினார். சாமை என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம் என்று பாத்திமா நினைத்துவிட்டார். மறுபடியும் நர்ஸிடம் ஓடினார்.

அதன் பிறகுதான் தட்டு மாறியது. ஓரம் நசுங்கி விலைபோகாமல் கிடந்த சின்னத் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டார். பாதித் தட்டுக்குக் கீரை, காய். மீதியில் கொஞ்சம் சாமைச்சோறு, கொஞ்சம் மொச்சையோ பருப்போ, சில நாள் ஒரு முட்டை. முருங்கைக்கீரைக்கு மாதா கோயில் வளாகத்து மரம் இருக்கிறது, சாமியார் ஒன்றும் சொல்வதில்லை. பண்ணைக்கீரை சோளக்கொல்லை ஓரத்தில் கேட்பாரற்றுக் கிடக்கிறது. மொச்சை மலையிலிருந்தே வருகிறது. மளிகைச் செலவு முன்பைவிடக் கம்மி என்று சத்தியம் செய்கிறார்.

போண்டாக் கடையைத் தாண்டும்போது மட்டும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார். கடைக்காரர் மனம் வருந்தி, “எண்ண ஏதாவது நாறுதா?” என்று லாரன்ஸிடம் கேட்டாராம். வாசனை வந்தால் ஆசை வரும், அவ்வளவுதான். ஆசை மீறினால் அதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்: “நாக்கு ஒண்ணு, முட்டி ரெண்டு. யாருக்கு சார் ஓட்டு ஜாஸ்தி?”

பத்து மாதத்தில் முனியனின் குரல் எழுபத்து மூன்றுக்கு இறங்கியது. வீக்கம் வற்றிவிட்டது. ரவிக்கைகளைப் பிடித்துத் தைத்தார். ஆனால் மூன்றாவது வளைவில் மட்டும் பழையபடி இறங்கி நடந்தார். பதினொரு கிலோ குறைந்த பிறகும் வண்டி ஏன் முக்குகிறது என்று எனக்கே விளங்கவில்லை. லாரன்ஸ் மெக்கானிக்கிடம் மூன்று தடவை போனார். பிளக்கை மாற்றினார். மூட்டையைத் தூக்கிக் கட்டும்போது மூச்சு வாங்குகிறது, தனக்கும் வயசாகிவிட்டது என்று என்னிடம் புலம்பினார்.

ஒரு சனிக்கிழமை நானும் மண்டிக்குப் போனேன். என் எடையாக முனியன் கூவியதை இங்கே எழுதப் போவதில்லை. பாத்திமா தராசிலிருந்து இறங்கியதும், லாரன்ஸுக்கு என்ன தோன்றியதோ, வண்டியிலிருந்த சரக்கு மூட்டையை அவிழ்த்துத் தராசில் வைத்தார்.

“முப்பது!” என்றார் முனியன்.

எப்போதும் பத்தொன்பது கிலோதான் இருக்கும். மூட்டை கட்டுவது பாத்திமாவின் வேலை. லாரன்ஸ் மனைவியைப் பார்த்தார். மனைவி மண்டிக் கூரையைப் பார்த்தார்.

“ஒரு கிலோ எறங்க எறங்க, ஒரு கிலோ சரக்கு சேத்துக்கினு வந்தேன்” என்றார் கடைசியில். “எடம் சும்மாதான கெடக்குது? டிபன் பாக்ஸ் கேக்கறாங்க மேல.”

முனியன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். லாரன்ஸ் சிரிக்கவில்லை. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை, அன்றும் உயரவில்லை.

“பத்து மாசம் வாயக் கட்டிக்கினு இருந்தியே, அது உன் முட்டிக்கு வுட்ட எடம். டிபன் பாக்ஸுக்கு இல்ல.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பாத்திமா மூட்டையைப் பிரித்தாராம். டிபன் பாக்ஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்கும்போது பெருமூச்சு விட்டாராம்.

சென்ற திங்கட்கிழமை காலை அவர்களுக்குப் பின்னாலேயே போனேன். முந்திப் போக மனம் வரவில்லை. இரண்டாவது வளைவு தாண்டியதும் பாத்திமா வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். மொபெட்டின் சத்தம் மாறியது. மூன்றாவது வளைவு. வண்டி இருமியது. முக்கியது. லாரன்ஸ் கைப்பிடிமேல் கவிழ்ந்தார். பாத்திமா வெறுங்காலைத் தரைக்கு இறக்கி, தொடாமல் வைத்துக்கொண்டார்.

வண்டி நிற்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் நடக்கத் தொடங்கும் இடத்து வெள்ளைக் கல் அவருக்குப் பின்னால் போனது. வளைவு முடிந்து சாலை நிமிர்ந்தது. பாத்திமா திரும்பி என்னைப் பார்த்தார். முகமெல்லாம் பல்லாக இருந்தது. பிறகு ஒரு கையால் கணவர் தோளைப் பற்றிக்கொண்டு, குனிந்து, செருப்பை ஒவ்வொன்றாகக் காலில் மாட்டிக்கொண்டார்.