விரதம் இருந்து பாய்ந்தவள்

என் தங்கை தயாளினி கோலூன்றிப் பாய்கிறவள். பகலில் கோப்பாய்ச் சந்தி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பின்னேரம் உரும்பிராய் மைதானம். அவள் பாய, விழுந்த குறுக்குத்தடியைத் தூக்கி வைப்பது நான். குனிந்து தூக்கித் தூக்கி என் இடுப்பு நாரி முறிந்ததுதான் மிச்சம்.

மூன்று வருடமாக மாகாணப் போட்டியில் மூன்று மீற்றரில் தடியைத் தட்டிவிட்டு வருகிறாள். "இந்தமுறையும் இல்லையெண்டால் விட்டிடுறன் அக்கா," என்று அழுதாள்.

அம்மாவுக்கு ஒரே மருந்துதான் தெரியும். ஒரு பாடத்துக்கே இரண்டு ரியூசனுக்கு அனுப்பி எங்களை வளர்த்தவர். மைதானத்து வேலியோரம் நின்று, "இருட்ட இன்னும் நேரம் கிடக்கு. இன்னொருக்காப் பாய் பிள்ளை!" என்பார். இவளும் பாய்வாள். களைப்பில் ஓட்டம் பிசக, முதல் விட்ட அதே பிழையோடு பாய்வாள். "உவள் பிழையைத்தான் பாடமாக்கிறாள்," என்றேன். "நீ தடியை வை," என்றார் அம்மா. சரி, வைத்தேன்.

போட்டிக்கு முன் கந்தசஷ்டி வந்தது. வெற்றிக்காக அம்மாவே அவளை விரதம் பிடிக்க வைத்தார். பாலும் பழமுமாக இருந்துகொண்டு எத்தனை தரம் ஓடலாம்? இரண்டு மூன்று பாய்ச்சலுக்கு மேல் உடம்பு கேட்கவில்லை. அதனால் ஒவ்வொன்றுக்கும் முன் நின்று யோசித்தாள். "அக்கா, கோலைக் குத்தேக்கை என்ரை கை பிந்துதே?" என்று அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டாள்.

"ஓம், பிந்துது."

அடுத்த பாய்ச்சலில் கோலைக் குத்தும்போது கை பிந்தவில்லை. சஷ்டி முடிவில் வரும் சூரன்போருக்கு முதல்நாள் தூக்க ஒன்றும் விழாமல் நான் சும்மா நின்றேன்.

போட்டியில் ஓர் உயரத்துக்கு மூன்று தரம்தான். அதே மூன்று மீற்றரில் இரண்டு தரம் தட்டிவிட்டாள். மற்றப் பிள்ளைகள் புல்லில் ஓடியோடிப் பார்க்க, இவள் கோலை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். "எழும்பி ஓடிப் பாரடி!" என்று அம்மா கத்தினார். அவள் அசையவில்லை. பெயர் கூப்பிட்டதும் எழும்பி ஓடிப் பாய்ந்தாள். பழக்கதோஷத்தில் தடியைத் தூக்க நான் அரைவாசி எழும்பிவிட்டேன். தடி மேலேயே கிடந்தது. ஐயோ, அன்று நான் அழுத அழுகை!

"கண்டியளே, முருகன் கைவிடேல்லை," என்று வீட்டில் அம்மா சோறு போட்டார். "விரதமும் முடிஞ்சுது. வடிவாச் சாப்பிட்டிட்டு நாளைக்குப் பழையபடி பாய் பிள்ளை."

தயாளினி சோற்றுக் கோப்பையை நீட்டினாள். "சோத்தை நிறையப் போடுங்கோ அம்மா. பாய்ச்சலிலை விரதம் முடியேல்லை."