சாய்ந்து நிற்க ஒரு கட்டை

நம்பினால் நம்புங்கள். அன்று நான் ஓய்ந்து போயிருந்தேன், உண்மைதான். ஆனால் புத்தி தெளிவாகத்தான் இருந்தது. ராத்திரிகூட இல்லை. ஆகஸ்ட் மாத மத்தியானம். கிரேக்கத் துறைமுக நகரான எங்கள் பிரேயஸ் முழுக்க ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கும் நேரம்.

நானும் என் கணவர் ஆர்கிரிஸும் பழைய சிலைகளுக்கு அச்செடுத்து பிளாஸ்டரில் நகல் வார்ப்பவர்கள். அந்த வாரம் வார்த்தது, பந்தயத்தில் ஜெயித்து, இரண்டு கைகளையும் தூக்கித் தலையில் நாடா கட்டும் வீரன். அசல் வெண்கலம் எப்போதோ தொலைந்துவிட்டது. அந்தக் காலத்திலேயே அதைப் பார்த்துப் பளிங்கில் செதுக்கியவர்கள், கால் முறியாமலிருக்கப் பக்கத்தில் ஒரு மரக்கட்டையையும் சேர்த்தே செதுக்கினார்கள். எங்கள் அச்சிலும் அது உண்டு.

சலமீனா தீவில் உடற்பயிற்சிக் கூடம் வைத்திருக்கும் மாந்தோஸ்தான் சிலையைக் கேட்டிருந்தார். அவருக்கு அந்தக் கட்டை பிடிக்கவில்லை. அசல் மாதிரியே வேண்டுமாம். ஆர்கிரிஸ் ரம்பத்தை எடுத்தார்.

"ரெண்டாயிரம் வருஷமா சாஞ்சே நின்னவன். தனியா நில்லுன்னா நிப்பானா?" என்றேன்.

"உள்ள இரும்புக் கம்பி இருக்கு, ஸ்தமாதா. உன் தம்பி மாதிரி இல்ல, நிப்பான்."

நின்றான். ஆனால் சிலையைத் தொட்டபோது சுட்டது. இறுகும்போது பிளாஸ்டர் சுடும், பிறகு ஆறிவிடும். இது வார்த்து மூன்று நாள் ஆகியும் ஆறவில்லை.

"வெயில்," என்றார் ஆர்கிரிஸ்.

சாப்பிட்டுவிட்டு முன்னறையில் சாக்கு மேல் சாய்ந்தேன். பின்கதவைச் சாத்திவிட்டு வருவதாகச் சொன்னவர் வரவில்லை.

மூன்று மணி. வெளியே சில்வண்டுகள் சட்டென்று நின்றன.

உள்ளே... மூச்சு வாங்கும் சத்தம். ஓடி முடித்தவன் மாதிரி.

எழுந்து பட்டறைக்குள் போனேன்.

கட்டை இருந்த இடத்தில் ஆர்கிரிஸ் நின்றிருந்தார். சிலையின் காலை ஒட்டி, அசையாமல். முழங்கால் மட்டும் நடுங்கியது.

சிலையின் ஒரு கை... இறங்கியிருந்தது.

முழங்கை, அவர் தோளில்.

"ஆர்கிரி..."

"கொஞ்சம் பொறு. களைச்சுப் போயிருக்கான்."

அவ்வளவு களைத்த குரலை நான் கேட்டதே இல்லை. பிடித்து இழுத்தேன். வரவில்லை. அவரை இழந்துவிடுவேன் என்று பயந்தேன்.

அறுத்த கட்டை சுவரோரம் கிடந்தது. இழுத்து வந்தேன். காலோரம் தள்ளினேன்.

டக்.

ஆர்கிரிஸ் சரிந்து விழுந்தார். சில்வண்டுகள் மறுபடி கத்தின. நிமிர்ந்து பார்த்தேன். கை பழையபடி மேலேதான் இருந்தது.

அன்றே கட்டையை ஒட்டினேன். அதோடுதான் சிலையை அனுப்பினேன். கட்டையை எடுக்க வேண்டாம் என்று மாந்தோஸிடம் போனில் கெஞ்சினேன். சிரித்தார். ஆர்கிரிஸுக்கு அப்புறம் எழுந்து நடமாடவே தெம்பில்லை. தோளில் படிந்த வெள்ளை, தேய்த்தும் போகவில்லை.

எட்டாம் நாள் மத்தியானம், மாந்தோஸின் மனைவி வாசோ போன் செய்தாள். அழுதாள்.

"ஸ்தமாதா, இவரு அந்தச் சிலைகிட்டயே நிக்கிறாரு. கூப்பிட்டா, 'கொஞ்சம் பொறு, களைச்சுப் போயிருக்கான்'ங்கிறாரு."

"கட்டை எங்க? எடுத்துக் காலோரம் வை!"

"காலையில அறுத்துக் கடல்ல போட்டுட்டாரே..."

எனக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. எட்டு நாளாகப் படுத்திருந்த ஆர்கிரிஸ் எழுந்து உட்கார்ந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். போனில் வாசோ பேசியது அவர் காதில் விழுந்திருக்க வழியில்லை.

"எங்க கிளம்பிட்ட?"

"அவரால எவ்வளவு நேரம் முடியும், பாவம்," என்றார். "அடுத்தது என் முறை."