தொட்டும் திரும்பாத பக்கங்கள்

கடையில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘விளக்கம்’ என்றால்தான் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக மின்சாதனக் கடையில் விற்பனையாளர். ஒரு சாமானைப் பற்றி வாயைத் திறந்தாரென்றால் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் மூடுவார். இஸ்திரிப்பெட்டி வாங்க வந்தவர், அதில் ஆவி எப்படி உண்டாகிறது என்பதையும் கற்றுக்கொண்டுதான் வெளியே போக முடியும்.

கடைசி ஐந்தாறு வருஷமாக அவர் பொறுப்பில் இருந்தது புத்தகம் படிக்கும் கருவிகள். ரீடர் என்பார்கள். மேசையில் இரண்டு வகை இருக்கும். ஒன்று, ஓரத்தில் பட்டன் வைத்தது. அமுக்கினால் பக்கம் திரும்பும். வேறு ஒரு வித்தையும் அதற்குத் தெரியாது. இன்னொன்று தொடுதிரை. விளக்கு, அகராதி, குறிப்பு எழுதும் வசதி, தண்ணீரில் விழுந்தாலும் தாங்கும் உடம்பு என்று அதற்கு ஏகப்பட்ட மவுசு. விளக்கத்துக்கு அதுதான் செல்லப்பிள்ளை.

“சார், பட்டன்ங்கறது தேயற சாமான். இதுல தேய என்ன இருக்கு? சும்மா தொடுங்க, போதும்” என்பார். பட்டன் கேட்டு வந்தவர்கூடத் தொடுதிரையோடுதான் போவார். இத்தனைக்கும் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு மனுஷன் ஒரு புத்தகத்தையும் முழுசாகப் படித்தவரில்லை!

படிக்கிறவர் அவர் மனைவி. நீதிமன்றத்தில் தட்டச்சர். நாளெல்லாம் அடுத்தவர் வழக்கை அடித்துவிட்டு, சாயங்காலம் வந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவார். அவருக்கு உயிர் ஒரு நாலு பாக நாவல். காணாமல்போன மகனை ஊர் ஊராகத் தேடிப்போகிற ஒரு தாயின் கதை. ஒவ்வொரு பாகமும் வர மூன்று நாலு வருஷம் ஆகும். மூன்று பாகம் முடித்துவிட்டு நாலாவதற்காகப் பொறுமையாகக் காத்திருந்தார். அது வந்தது. கூடவே அவருக்குப் புற்றுநோயும் வந்தது.

வாரத்துக்கு ஒரு நாள் கீமோ. நாலு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும். இடது கையில் ஊசி ஏறியிருக்கும், அசைக்கக்கூடாது. நாலாம் பாகமோ எழுநூறு பக்கம், செங்கல் கனம். ஒற்றைக் கையில் அதைப் பிடிக்க முடியுமா? வீட்டில் இருக்கிற நாளிலும் அதைத் தூக்கத் தெம்பில்லை.

“என்னங்க, உங்க கடையில பட்டன் வச்சது ஒண்ணு இருக்குமே, அதைக் கொண்டாந்து தர்றீங்களா? விரல் வேற ஒரு மாதிரியா இருக்கு” என்றார்.

இவர் சிரித்தார். “பட்டனா? அடப்போம்மா! ஊரே டச்சுக்குப் போயிடுச்சு. என் பொண்டாட்டிக்கு நான் பழசைக் குடுப்பேனா?”

கடைக்கு வருகிறவனிடமெல்லாம் எந்தக் கையில் பிடிப்பீர்கள், எங்கே உட்கார்ந்து படிப்பீர்கள் என்று துருவித் துருவிக் கேட்கிற ஆள், விரல் என்ன மாதிரி இருக்கிறது என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருப்பதிலேயே உசத்தியானதை வாங்கிவந்து அதில் நாவலை ஏற்றி, முக்கால் மணி நேரம் விளக்கம் சொன்னார். அந்த அம்மாளும் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். “ரொம்ப நல்லாயிருக்குங்க” என்றார்.

ஐந்து வாரம் போயிற்று. கீமோ நாளில் இவர் கடைக்கு விடுப்பு சொல்லிவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மனைவியின் மடியில் ரீடர் இருக்கும். திரையின் வெளிச்சம் முகத்தில் லேசாக விழும். அதைப் பார்க்கப் பார்க்க இவருக்கு நெஞ்சு நிறைந்துபோகும். நோயைக் கொடுத்த கடவுள் இந்த நிம்மதியையாவது விட்டுவைத்தானே என்று நினைத்துக்கொள்வார். பக்கத்து நாற்காலிக்காரரிடம், “என் செலக்‌ஷன்தான்” என்று பெருமையும் அடித்துக்கொண்டார்.

ஆறாவது வாரம் டீ வாங்கக் கீழே இறங்கியபோது நர்ஸ் படிக்கட்டில் எதிர்ப்பட்டாள்.

“அண்ணா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? அக்காவுக்கு அந்த டச் வேலை செய்யல. நீங்க இல்லாத நேரமா நான் அந்தப் பக்கம் போனா கேப்பாங்க, ஒரு பக்கம் தட்டிவிடுவேன். எனக்கும் பத்துப் பதினஞ்சு பேரைப் பாக்கணும் இல்லையா? மத்த நேரம் ஒரே பக்கத்தைப் பாத்துக்கிட்டே இருக்காங்க.”

டீ வாங்கப் போனவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

“ஏம்மா, உண்மையா?”

 அவர் வலது கையை விரித்துக் காட்டினார். நுனிகளில் தோல் காய்ந்து உரிந்து, ரேகையே இல்லாமல் வழவழவென்றிருந்தது. இந்த மருந்துக்கு அந்தக் குணம் உண்டாம்.

“மரத்துப் போச்சுங்க. தொட்டேனா தொடலையான்னே தெரியல. ஒண்ணு, திரும்பவே மாட்டேங்குது. இல்லேன்னா ரெண்டு மூணு பக்கம் தாண்டிடுது. கொஞ்சம் அழுத்தினா அகராதி வந்து நிக்குது. கதவுன்னா என்ன அர்த்தம்னு எனக்குச் சொல்லிக் குடுக்குது” என்று சிரித்தார். “பட்டன்னா கிளிக்குன்னு காதுல கேக்குமேன்னுதான் கேட்டேன்.”

“ஏன் சொல்லல? வாயில என்ன கொழுக்கட்டையா?”

“அவ்வளவு ஆசையா விளக்குனீங்க. என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே எதிர்ல உக்காந்திருக்கீங்க. எப்படிச் சொல்றது?”

அன்றைக்கே ஆரம்பித்தது ஓட்டம். பட்டன் வைத்த மாடலைக் கம்பெனி நிறுத்திப் பத்து மாதம் ஆகியிருந்தது. யாரும் வாங்குவதில்லையாம். வாங்கவிடாமல் செய்தவர்களில் முதல் ஆள் இவரேதானே! கிடங்கில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். மற்றக் கிளைகளுக்கெல்லாம் போன் போட்டார். பழைய வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு, கூச்சத்தை விட்டுக் கேட்டார். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் மட்டும், “உன் பேச்சைக் கேக்காம பட்டனே வாங்கினவன் நான் ஒருத்தன்தான்யா. வந்து எடுத்துட்டுப் போ” என்றார். இதற்குள் பதினெட்டு நாள் ஓடிவிட்டது.

நாவலை ஏற்றிக் கொடுத்த பட்டன் ரீடரைக் கையில் வாங்கியதும் அந்த அம்மாள் பெருவிரலால் அமுக்கினார். கிளிக். பக்கம் திரும்பியது. இன்னொரு தரம் அமுக்கினார். நிமிர்ந்து இவரைப் பார்த்த அந்த முகத்தைக் கல்யாணத்தன்றுகூட இவர் பார்த்ததில்லை. அன்று முப்பது பக்கம் படித்தார்.

மறுநாள் எட்டு. அதற்கு மறுநாள் ஒரே பக்கத்தில் காலையிலிருந்து நின்றார். நோய் தலைக்கு ஏறிவிட்டது. இனி மருந்து வேண்டாம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“விரல் அமுக்குதுங்க. வரிதான் நிக்க மாட்டேங்குது. ரெண்டாவது வரிக்குப் போனா முதல் வரி ஓடிப்போயிடுது.” ரீடரை இவரிடம் நீட்டினார். “முடிவை மட்டும் பாத்துச் சொல்லுங்க. மகன் கிடைச்சானா?”

பட்டனை அமுக்கிக் கடைசிப் பக்கத்துக்குப் போவதானால் அரை மணி நேரம் ஆகும். அலமாரியில் கிடந்த தொடுதிரையை எடுத்து ஒரே இழுப்பில் முடிவுக்குப் போனார். கடைசி மூன்று பக்கத்தை ஜன்னலோரம் நின்று உதட்டை அசைத்துப் படித்தார். மகன் கிடைக்கவில்லை. அந்தத் தாய் ஏதோ ஒரு பேருந்து நிலையத்தில் அடுத்த வண்டிக்காகக் காத்திருக்கிறாள். அத்தோடு கதை முடிந்துவிடுகிறது. பாவி, பதினாலு வருஷம் காக்கவைத்து இப்படியா முடிப்பான்!

விளக்கம் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தார். “கிடைச்சுட்டான்மா. ஒரு நாள் காலையில அவனே வந்து நிக்கறான். ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழறாங்க.”

“எங்க வந்து நின்னான்?”

“வீட்டு வாசல்லதான்.”

“அந்த வீடு மூணாம் பாகத்துலயே இடிஞ்சுபோச்சேங்க.”

  விளக்கம் கையில் இருந்த ரீடரை அப்படியே போட்டுவிட்டு, மனைவியின் காலடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுகையினூடே நிஜ முடிவைச் சொன்னார்.

அந்த அம்மாள் அழவில்லை. கோபப்பட்டார். கட்டிக்கொண்ட நாள்முதல் அவர் கோபப்பட்டு இவர் பார்த்ததில்லை.

“ரெண்டு மாசம்ங்க. என் தலை நல்லாத்தான் இருந்துச்சு. முழுசா படிச்சு முடிச்சிருப்பேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். “நானும் வாயைத் திறந்து சொல்லியிருக்கணும். சொல்லல. சரி, விடுங்க. நான் விட்ட இடத்துலேருந்து படிங்க. அவ கூடவே கொஞ்ச தூரம் போறேன்.”

“முடிவுதான் தெரிஞ்சுபோச்சே?”

“தெரிஞ்சா என்ன? படிங்க.”

அன்றிலிருந்து தினமும் காலையில் இவர் வாசித்தார். வாசித்துப் பழக்கமில்லாத மனுஷன். குனிந்து, வரிக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு, நீளமான வார்த்தை வந்தால் திக்கித் திக்கி, நிறுத்தவேண்டிய இடத்தில் ஓடி, ஓடவேண்டிய இடத்தில் நின்றார். அந்த அம்மாள் கண்ணை மூடியபடியே “மெதுவா, மெதுவா” என்பார். சில இடங்களில் சிரிப்பார். அந்தத் தாய் ஆற்றைக் கடக்கிற இடத்தை மட்டும் இரண்டுமுறை வாசிக்கச் சொன்னார். நூற்றுத் தொண்ணூறு பக்கம் வரை போனார்கள்.

ஒன்பதாம் நாள் ஒரு நீளமான அத்தியாயம். இந்த முறை எங்கும் திக்கக்கூடாது என்று வைராக்கியமாகத் தலை குனிந்து வாசித்துக்கொண்டே போனார். நன்றாகத்தான் வந்தது. அத்தியாயம் முடிந்ததும், “எப்படி? இன்னைக்கு ஒரு இடத்துலகூடத் தப்பு விடல பாத்தியா?” என்று கேட்டபடி நிமிர்ந்தார்.

எந்தப் பக்கத்தில் அவர் போனார் என்று இன்றுவரை இவருக்குத் தெரியாது.