தவக்காலத்தில் பூத்த பியோனி

சில வருஷங்களுக்கு முன், சீனப் புத்தாண்டுக்கு முந்தின நாள் மத்தியானம், சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஒரு செடிக்கடையில்தான் இந்தக் கதை ஆரம்பித்தது.

அப்போது நாங்கள் ஈசூனுக்குப் புதிது. தெம்பனிஸில் பல வருஷம் இருந்துவிட்டு, மகள் கல்யாணமாகிப் போனபின், இரண்டு பேருக்குச் சின்ன வீடு போதுமென்று மாறி வந்திருந்தோம். தெம்பனிஸில் லிஃப்டில் ஏறினால் இறங்குவதற்குள் நாலு பேரிடம் நலம் விசாரித்துவிடுவேன். இங்கே எல்லோரும் கைப்பேசியைப் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். கணவர் வேலைக்குப் போனபின் பேச ஆளில்லாமல் வாய் காய்ந்துபோகும். அதற்காகவே எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் பூ அலங்காரக் குழுவில் சேர்ந்தேன். பக்தி அப்புறம்தான். அங்கேயும் புதியவர்களுக்கு வாளியில் தண்ணீர் பிடிக்கிற வேலைதான். தண்ணீர் பிடிக்கிறவளிடம் யார் நின்று பேசுவார்கள்?

சரி, செடிக்கடைக்கு வருகிறேன். பியோனி தெரியுமா? சீனர்கள் மூடான் என்பார்கள். குச்சி குச்சியாக மரத்தண்டு, அதன் நுனியில் அடுக்கடுக்காக இதழ் விரிக்கிற பெரிய பூ. புத்தாண்டுக்கென்று சீனாவிலிருந்து குளிர்பெட்டியில் வரும், நல்ல விலை. ஆனால் கடை வாசலில் சில தொட்டிகளை ஒதுக்கி, பாதி விலைக்கும் கீழே எழுதிப் போட்டிருந்தார்கள். மொட்டு இறுகிப்போய்க் கோலிக்குண்டு மாதிரி இருந்ததுதான் காரணம். நாளைக்கு விருந்தாளி வரும்போது விரியாத பூ யாருக்கு வேண்டும்?

எனக்கு வேண்டும்! ஆடித் தள்ளுபடியில் பட்டுப்புடவையைப் பார்த்த மாதிரி நின்றுவிட்டேன். நாளைக்கு விரியாவிட்டால் என்ன, அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை விரியட்டும். நானே வளர்த்த பியோனியைக் கொண்டுபோய்ப் பீடத்தில் வைத்தால், வாளி தூக்குகிற பொம்பளையை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் அல்லவா? யாரிடமும் சொல்லாமல் திடீரென்று கொண்டுபோய் அசத்திவிடலாம் என்று மூன்று தொட்டி வாங்கினேன். குளிராக வைத்துக்கொள், ஏர்கான் போடு என்று மட்டும் கடைக்காரர் சொல்லி அனுப்பினார்.

எனக்கும் செடிக்கும் ஏழாம் பொருத்தம் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். மணிபிளாண்ட்கூட என் கையில் மஞ்சளாகிவிடும். வாங்கிய அன்றே, நம் ஆட்களின் கடைகள் நிறைந்த தேக்காவுக்குப் போய் அழகான மண்சட்டிகள் வாங்கி வந்தேன். வெளிநாட்டு மண்ணில் என்ன பூச்சி இருக்குமோ என்று பயந்து, முதல் செடியின் வேரை, சமையலுக்குக் கீரை அலசுவதுபோல மூன்று தண்ணீரில் அலசிவிட்டுத்தான் நட்டேன். மறுநாளே அது தலையைத் தொங்கப்போட்டது. அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

பயந்துபோய், தேக்காவில் எனக்குப் பழக்கமான மாலைக்கடைத் தம்பிக்குப் போன் போட்டேன். "மல்லின்னா சொல்லுவேங்க்கா. இது ஐஸ்பெட்டி பூ, எனக்கே தெரியாதுலா!" என்று கையை விரித்துவிட்டார்.

ஐஸ்பெட்டி என்றாரே, அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். மீதி இரண்டு செடியின் மண்ணையும் கலைக்காமல், அப்படியே சட்டியில் இறக்கி, எங்கள் படுக்கையறை ஜன்னலோரத்தில் வைத்தேன். காலையும் மாலையும் மண்மேல் ஐஸ் கட்டி வைத்தேன். பகலெல்லாம் ஏர்கான்.

"அடிப்பாவி, எனக்கே ராத்திரிதான் ஏர்கான். செடிக்குப் பகல்லயேவா?" என்றார் கணவர். ஆனால் வேலை முடிந்து வந்ததும் சட்டை மாற்றுகிற சாக்கில் அவரும் மொட்டைக் குனிந்து பார்ப்பார். நான் கவனிக்காதது போல இருந்துகொள்வேன்.

நடுவில், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் தொடங்குகிற திருநீற்றுப் புதன் வந்தது. நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு, ஒருவேளைச் சாப்பாட்டோடு ஒருசந்தி இருந்து, வீட்டுக்கு வந்து செடிக்கு ஐஸ் வைத்தேன். வெள்ளிக்கிழமை மொட்டு நுனியில் ரோஸ் நிறம் எட்டிப் பார்த்தது. சனிக்கிழமை காலையில் அறைக்கதவைத் திறந்த நான் கத்திய கத்தலில், பல் விலக்கிக்கொண்டிருந்த கணவர் நுரையோடு ஓடி வந்தார். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இரண்டு பூ விரிந்திருந்தது. பட்டு மாதிரி இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தம். என் கையால் ஒரு பூ பூத்ததை வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்க்கிறேன். சந்தோஷத்தில் அழுதேவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை டாக்சி பிடித்து, மடியில் ஆளுக்கொரு சட்டியோடு கோயிலுக்குப் போனோம். "நம்ம புள்ளையைக்கூட நான் இவ்வளவு பதமா தூக்கலம்மா" என்றார் கணவர். பூசைக்கு நிறைய நேரம் இருந்தது. பெருமையோடு உள்ளே நுழைந்தால், பீடம் மொட்டையாக இருந்தது. ஊதாத் துணி மட்டும். ஒரு பூ இல்லை, ஒரு வாளி இல்லை, எங்கள் குழுவில் ஒருவரும் இல்லை.

ஜெபப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்த குழுத் தலைவி அக்கா மட்டும் என்னையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னம்மா இது? தவக்காலத்துல பீடத்துல பூ வைக்க மாட்டோம்ல? ஈஸ்டர் வரைக்கும் நம்ம குழுவுக்கே லீவுலா! போன வாரம் சொன்னப்ப நீ தண்ணி பிடிக்கப் போயிருந்தியாம்மா?"

பிறந்ததிலிருந்து கோயிலுக்குப் போகிறவள் நான். தவக்காலத்தில் கறி சாப்பிடாத வெள்ளிக்கிழமை தெரியும், சிலுவைப்பாதை தெரியும். பீடத்தில் பூ இருக்காது என்பதை மட்டும் ஒரு வருஷமும் கவனித்ததில்லை, இந்தப் புதன்கிழமைகூட. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தப்பாகச் சிரிக்கவில்லை, என் வீட்டு எண்ணையும் விசாரித்துக்கொண்டார். ஆனால் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பூசை முழுக்க இரண்டு சட்டியும் எங்கள் காலடியில் இருந்தன. பிரசங்கத்தில் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. ஈஸ்டர் வரை இந்தப் பூ தாங்காது. அடுத்த வாரமும் பேச ஆளில்லாமல் அதே வீடு, அதே சுவர் என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து எங்கள் மாடியில் லிஃப்டை விட்டு இறங்கியபோது, எதிர்வீட்டுப் பெண் லிஃப்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். இளம்வயதுச் சீனப் பெண், தள்ளுவண்டியில் குழந்தை. அத்தனை மாதத்தில் தலையைக்கூட அசைத்ததில்லை. அவள் என் கையைப் பார்த்தாள். "மூடான்!" என்று போட்டாளே ஒரு சத்தம், குழந்தையே திடுக்கிட்டது.

லிஃப்ட் போய்விட்டது, அவள் போகவில்லை. அவளுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். கையையும் முகத்தையும் வைத்தே சொன்னாள்: சொந்த ஊர் சீனாவில் லுவோயாங். அந்த ஊரே இந்தப் பூவுக்குப் பேர்போனதாம். கல்யாணமாகி இங்கே வந்தபின், குழந்தை பிறந்து, ஊருக்குப் போகவே முடியவில்லை. தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். தொட்டதும் அவள் கண் நிறைந்துவிட்டது. நான் ஒரு சட்டியை அப்படியே அவள் கையில் கொடுத்தேன். உனக்குத்தான், வைத்துக்கொள் என்றேன். அவள் சட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள்.

உடனே ஊரிலிருக்கும் தன் அம்மாவுக்கு வீடியோ அழைப்பு போட்டாள். தாழ்வாரத்தில், செருப்பு அலமாரிமேல் பூவை வைத்து, பக்கத்தில் என்னையும் நிறுத்தினாள். நான் ஐஸ் வைத்து வளர்த்த கதையை மகள் மொழிபெயர்த்ததும், அந்த அம்மா சிரித்த சிரிப்பில் படமே ஆடியது. வேரை அலசியதைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா கதவைத் திறந்தார். பார்த்துவிட்டு உள்ளே போய், அன்னாசி டார்ட் டப்பாவோடு வந்தார். கணவர் கீழே ஓடிப்போய்க் கறிபஃப் வாங்கி வந்தார்.

சாயங்காலம் மறுபடி வாசல்மணி அடித்தது. அக்காதான், பூக் குழுவில் இன்னும் இரண்டு பேரோடு. "பூ பீடத்துக்கு வர முடியாதுன்னா என்னம்மா, நாங்க பூவைப் பார்க்க வரக்கூடாதா?" என்றார். வீட்டில் இருந்த நாற்காலிகள் போதாமல் கட்டிலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார்கள். அன்றைக்கு நான் பேசிய பேச்சில் மறுநாள் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

நம் ஊர் வெயிலில் பியோனி பிழைக்காது என்பது பிறகுதான் தெரிந்தது. சில மாதத்தில் இரண்டு செடியுமே பட்டுப்போயின. எதிர்வீட்டுப் பெண் மட்டும் இன்றும் லிஃப்டுக்குப் போகிற வழியில் என் கதவைத் தட்டி, கடையிலிருந்து ஏதாவது வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் போகிறாள். அன்று என் பூ பீடத்தில் ஏறியிருந்தால் கோயிலே அதைப் பார்த்திருக்கும், ஆனால் இந்த மாடியில் நான் யாரென்று ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அதனால்தான் இப்போதெல்லாம் ஆசையாகச் செய்த ஒரு காரியம் கோணலாகப் போனால், உடனே முகம் சுருங்காமல், இது எந்தக் கதவைத் திறக்கப் போகிறதோ என்று கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறேன்.